பதினேழாம் இடத்து அண்ணன்

அவரிடம் போய், "அண்ணே, இந்த வருஷம் கப்பு யாருக்கு?" என்று கேட்டுவிடாதீர்கள். கப்பு, முதலிடம், சாம்பியன் பட்டம் எல்லாம் அவரைப் பொறுத்தவரை காசு இருக்கிறவன் கவலை. அவருடைய கவலை பதினேழாம் இடம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 20 டீம். சீசன் முடிந்ததும் கடைசி மூன்றும் கீழ் டிவிஷனுக்கு மூட்டை கட்ட வேண்டும். பதினேழில் நிற்கிறவன் பிழைத்தவன். அந்தப் பிழைத்தவன் யார் என்பதை, அங்கே மைதானத்தில் புல் வெட்டுவதற்கு முன்பே, போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய்க் கடைத் திண்ணையில் உட்கார்ந்து ஜூலை மாதத்திலேயே எழுதி முடித்துவிடுவார்.

நிரந்தரமாக ஒரு டீம் அவருக்குக் கிடையாது. எது கீழேயிருந்து புதிதாக ஏறி வந்திருக்கிறதோ அதுதான் அந்த வருஷத்து டீம். மான்செஸ்டர் யுனைடெட் பனியன் போட்ட பையன்களைக் கண்டால், "பாட்டன் சொத்துல உக்காந்து திங்கிற பயலுக" என்பார். 2023-ல் லூட்டன் டவுன். பத்து வருஷத்துக்கு முன் ஐந்தாம் டிவிஷனில் கிடந்த டீம். வெளியூர் ரசிகர்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே இருக்கிற வாசல் வழியாகத்தான் அவர்கள் மைதானத்துக்குள் நுழைய வேண்டும் என்று தெரிந்ததும் அண்ணன் பூரித்துப்போனார். 2024-ல் இப்ஸ்விச்; அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில் இரண்டு படி ஏறியவர்கள். 2025-ல் சண்டர்லாந்து. முந்தின வருஷத்து டீம் இறங்கிப் போனதும் உறவு முடிந்தது. "லூட்டன் என்னாச்சுண்ணே?" என்றால், "எந்த லூட்டன்?" என்பார். லூட்டன் 2025-ல் இன்னொரு படியும் இறங்கிப் போனது. அண்ணன் துக்கம் விசாரிக்கக்கூட இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது பாயின்ட் கணக்கு.

ஜெயித்தால் 3, டிராவுக்கு 1, மொத்தம் 38 ஆட்டம். நாற்பது பாயின்ட் சேர்த்துவிட்டால் கீழே போக மாட்டோம் என்பது அங்கே பழைய நம்பிக்கை. அதை நம்பிக்கையாக விட்டுவைக்காமல் சாத்திரமாக ஆக்கியவர் நம்மாள். ஏல மையத்தில் கொடுத்த லாட் பட்டியலின் பின்பக்கம், நுனி மழுங்கிய பென்சில், காதில் இன்னொரு பென்சில். ஆட்ட அட்டவணை வெளியான நாளிலிருந்து அவர் வியாபாரம் பேசுகிற மாதிரி இருக்கும், பேசமாட்டார். காய் விற்க வந்த சம்சாரி விலை கேட்டால், "டிசம்பர்ல கஷ்டம்" என்பார். அந்த மனுஷன் விலை விழப்போகிறது என்று பதறிப்போய் அன்றைக்கே தள்ளிவிட்டுப் போவார். அண்ணன் சொன்னது டிசம்பரில் அடுத்தடுத்து வரும் பெரிய டீம்களை.

இந்தக் கணக்கை அவர் தனியாகப் போட்டால் யாருக்கும் நட்டமில்லை. போடுகிற இடம் ஜீப்பு. காய் பார்க்கப் பூப்பாறைப் பக்கம் போகிற நாளில், எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற அதே ஜீப்பில் முன்சீட்டில் ஏறுவார். முந்தல் தாண்டியதும் மலை தொடங்கும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவுக்கு ஒரு மேட்ச். 2025-ல் சண்டர்லாந்துக்குப் போட்டது இப்படி:

"மொத வளைவு. நம்ம ஊர்ல, வெஸ்ட் ஹாம். மூணு."

டிரைவர் ஹாரன் அடிப்பார்.

"ரெண்டு. பர்ன்லி, வெளியூரு. அவனும் நம்மளாட்டம் இப்பத்தான் ஏறி வந்திருக்கான். ஒண்ணு வச்சுக்க. மூணாவது பிரென்ட்ஃபோர்டு, நம்ம ஊரு. மூணு."

ஏழாவது வளைவில் மான்செஸ்டர் யுனைடெட், அவர்கள் ஊரில். "சைபர். ஆசப்படக் கூடாது." ஒன்பதாவது வளைவில் செல்சி. "இதுவும் சைபர். பெரிய எடம், கும்புட்டுட்டு வந்துரணும்."

மேலே போக 17, கீழே இறங்க 17, ஆக 34. பாக்கி நாலு மேட்சை என்ன செய்வது? அதற்குத்தான் கடவுள் போடிமெட்டில் செக்போஸ்ட்டும் டீக்கடையும் வைத்திருக்கிறார். டீ சூடாக இருந்தால் அந்த நாலில் ஒன்பது பாயின்ட். ஆறிப்போயிருந்தால் மூன்று. சாயங்காலம் இறங்கும்போது பசி வேறு. அதனால் அவருடைய டீம் ஜனவரிக்குப் பிறகு தோற்றுக்கொண்டே இருக்கும். ஒரு நாள் பின்னாலிருந்து ஒரு அக்கா கேட்டுவிட்டது: "ஏண்ணே, ஏறயில எல்லாம் ஜெயிக்கிறீக, எறங்கயில வளைவுக்கு வளைவு தோக்குறீகளே?" அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. "அது உடம்பு அசதி" என்றார். யாருடைய உடம்பு என்று சொல்லவில்லை.

எப்படிக் கூட்டினாலும் கடைசியில் 43 வரும். டீமை மாற்றினாலும், வருஷம் மாறினாலும், டீ ஆறினாலும் 43. கூடிப்போனால் எங்கேயாவது ஒரு டிராவைத் தோல்வியாக்கிச் சரிசெய்வார். "நாப்பது போதுமேண்ணே, அது என்ன மேல மூணு?" என்றால், "சேதாரம்" என்பார்.

இத்தனைக்கும் அவர் ஏலக்காய்க்காரர். பச்சைக் காய் அஞ்சு கிலோவை ஸ்டோரில் போட்டு வாட்டினால் காய்ந்து வருவது ஏறக்குறைய ஒரு கிலோ என்பது தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவார். ஈரக் காயை எடை போட்டு யாராவது விலை சொன்னால் சிரிப்பார். ஜூலையில் எழுதின பாயின்ட்டை மட்டும் பச்சையாகவே எடை போட்டு மூட்டை கட்டிவிடுவார். லூட்டனுக்கு அவர் எழுதியது 43, காய்ந்து வந்தது 26. இப்ஸ்விச்சுக்கு எழுதியது 43, வந்தது 22. 2023-24-ல் ஏறி வந்த மூன்று டீமும் திரும்பி இறங்கின. 2024-25-லும் ஏறி வந்த மூன்றும் இறங்கின. அதில் சவுத்தாம்ப்டன் 38 ஆட்டம் ஆடிச் சேர்த்தது 12. ஆறு பேர் ஏறி ஆறு பேரும் இறங்கிய பிறகும் மனுஷன் பென்சிலைச் சீவுகிறார் என்றால் அதை நம்பிக்கை என்று சொல்வதா, வியாதி என்று சொல்வதா?

எங்கள் கடைப் பையன் ஒருவன், செல்சிக்காரன், 2003-ல் வெஸ்ட் ஹாம் 42 பாயின்ட் எடுத்தும் கீழே போனது என்று எங்கிருந்தோ தேடிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தான். அண்ணனுக்கு முகம் செத்துப்போனது. சாத்திரத்தில் ஓட்டை. ஆனால் மறுநாளே பதிலோடு வந்தார். "மாப்ளே, லூட்டன் இருவத்தாறு எடுத்துக் கீழ போனான்ல? அடுத்த வருஷம் பதினெட்டாவது எடத்துல நின்ன லெஸ்டருக்கு எம்புட்டு? இருவத்தஞ்சு! அதே இருவத்தாற ஒரு வருஷம் கழிச்சு எடுத்திருந்தா தப்பிச்சிருப்பான். பாயின்ட்ல கொறையில்லடா, பொறந்த நேரத்துல கொறை." பையன் வாயடைத்துப் போனான். நானும்தான். கணக்கு சரி.

ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அவருக்கு ஒரே ஒரு சண்டை உண்டு: ஏற்றிவிட்டவனை வைத்துக்கொள்வதா, காசு கொடுத்துப் புது ஆளாக இறக்குவதா? 2025 மே 24, வெம்ப்ளி. ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு எதிராக 95-வது நிமிஷத்தில் கோல் அடித்து சண்டர்லாந்தை ஏற்றிவிட்டவன் டாம் வாட்சன் என்ற சின்னப் பையன். அவன் அதற்கு முன்பே பிரைட்டனுக்குப் போக ஒப்புக்கொண்டிருந்தான். ஏற்றிவிட்டுப் போயும் போய்விட்டான். அண்ணனுக்கு அதில் கோபமில்லை, மரியாதைதான். கோபம், கோடையில் மளமளவென்று ஆள் வாங்கியதில். "ஏறுனது ஒரு டீமு, ஆடப்போறது வேற டீமு. இது எப்பிடிடா நம்ம டீமு?" என்று ஆகஸ்ட் முழுக்கப் புலம்பினார். கிரானிட் ஷாக்காவை வாங்கியபோது, ஆர்சனலில் கேப்டன் பதவி பறிபோன ஆள் இங்கே வந்து என்ன கிழிப்பான் என்றார். அவன் கேப்டனாகி நடுக்களத்தைத் தாங்கிப் பிடித்ததும், "நாந்தான் அப்பவே சொன்னேன்ல" என்றார்.

முதல் வளைவு அவர் சொன்னபடியே நடந்தது. வெஸ்ட் ஹாமை மூன்று கோலில் அடித்தார்கள். அக்டோபர் 25 அன்று, கும்பிட்டுவிட்டு வர வேண்டிய செல்சியின் மைதானத்திலேயே கடைசி நேரத்தில் கோல் போட்டு 2-1 என்று ஜெயித்தார்கள். நாங்கள் துள்ளினோம். அண்ணன் சிடுசிடுவென்று இருந்தார். ஒன்பதாம் வளைவில் சைபர் என்று எழுதியாகிவிட்டது. இப்போது வந்த மூன்று பாயின்ட்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பில் இல்லாமல் வந்த சரக்கைப் பார்க்கிற மாதிரி அந்த மூன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நம் நாட்டு இந்தியன் சூப்பர் லீக்கில், அதாவது ஐ.எஸ்.எல்.லில்தான், மனுஷன் நொந்துபோனார். 2024-ல் அதற்குக் கீழ்ப்படியான ஐ-லீக்கை ஜெயித்து மேலே வந்தது 1891-ல் தொடங்கிய கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங். அந்த செப்டம்பர் 26-ல் அது சென்னைக்கே வந்து சென்னையின் எஃப்.சி.யை 1-0 என்று தோற்கடித்தது. சென்னை தோற்றதற்காகத் தமிழ்நாட்டில் டீ வாங்கிக் கொடுத்த ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார். பிறகு உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். 13 டீம், 24 ஆட்டம். எத்தனை பாயின்ட் எடுத்தால் தப்பிக்கலாம்? ஜீப்பு டிரைவர்தான் விளக்கினார். அவர் பூப்பாறைக்காரர், கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர். மூன்று இறுதி ஆட்டம் தோற்றுப் பக்குவப்பட்டவர். "அண்ணே, இங்க யாரும் கீழ போறதில்ல. கடைசியா வந்தாலும் அடுத்த வருஷம் இங்கனதான்." முகமதன் 13 பாயின்ட்டோடு கடைசி இடத்தில் முடித்தது, கீழே போகவில்லை. இறங்கவே முடியாத இடத்தில் தப்பிப்பது எப்படி என்று தெரியாமல் அண்ணன் ஒரு சீசன் முழுக்க வேலையில்லாமல் அலைந்தார். அடுத்த வருஷம் இன்னும் மோசம். ஐ-லீக்கில் முதலில் சர்ச்சில் பிரதர்ஸ் சாம்பியன் என்றார்கள். சுவிட்சர்லாந்தில் லொசான் நகரத்து விளையாட்டுத் தீர்ப்பாயம் 2025 ஜூலையில் இல்லை, இன்டர் காசிதான் என்றது. "பாயின்ட் எழுதுற தாள்ல வாய்தா எழுத விட்டுட்டானுகளே" என்றார்.

ஏறி வந்தவன் மேல் ஏன் இவருக்கு இந்தப் பைத்தியம் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். பதில் 2019-ல் இருக்கிறது. அந்த மார்ச் 9-ஆம் தேதி, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி எஃப்.சி.க்கு ஐ-லீக்கின் கடைசி ஆட்டம், எதிரே மினர்வா பஞ்சாப். தொடங்கிய வேகத்தில் ஒரு கோல் வாங்கினார்கள். பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர், இரண்டு போட்டார். 3-1. ஈஸ்ட் பெங்கால் 42 பாயின்ட், நம் டீம் 43. தமிழ்நாட்டு கிளப் ஒன்று நாட்டின் லீக்கை ஜெயித்தது. அண்ணன் போடியிலிருந்து போய் நேரில் பார்த்தவர். அந்த வருஷம் ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை ஏறியது. எல்லாம் ஏறின வருஷம். டீம் மட்டும் ஏறவில்லை. ஏன் என்றால் அப்போது படியே கிடையாது. ஐ-லீக்கை ஜெயித்தால் ஐ.எஸ்.எல்.லுக்குப் போகலாம் என்று அதே அக்டோபரில் கோலாலம்பூரில் கூடிப் பேசினார்கள். அதுவும் 2022-23 சீசனிலிருந்துதான் என்றார்கள். 2021-லும் 2022-லும் ஜெயித்த கோகுலம் கேரளாவும் வாசலில் நின்றதுதான் மிச்சம். முதலில் உள்ளே போனது 2023-ல் பஞ்சாப் எஃப்.சி.; அன்றைக்கு கோவையில் தோற்ற அதே மினர்வாதான், கை மாறி, பெயர் மாறி. இதை அவரிடம் சொன்னால் பேச்சை மாற்றுவார். 43 என்பது சேதாரம் சேர்த்த கணக்கு என்றுதான் இன்றைக்கும் சாதிக்கிறார்.

இதுவரை சொன்னது பிரியத்தில் சொன்னது. இனி சொல்வது குறை.

எங்கள் தெருப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆடுகிறார்கள். பந்து தையல் பிரிந்து, உள்ளே இருக்கிற பிளாடர் வெளியே தெரிகிறது. கோல் போஸ்ட்டுக்கு இரண்டு சாக்கு மூட்டை. மேலே ராஜகுமாரி, மூணாறு பக்கம் போய் ஆட வேண்டும் என்று ஆசை. ஜீப்பு வாடகைக்குக் காசில்லை. போன மாதம் வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் வந்தார்கள். ஏறி வருகிறவனுக்குத் தோள் கொடுக்க வேண்டும் என்று நாள் தவறாமல் பேசுகிற மனுஷன் நோட்டை வாங்கினார், பென்சிலை எடுத்தார், யார் யார் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று கூட்டினார். கூட்டல் தப்பு என்று திருத்தினார். "இன்னும் நாலு பேருகிட்ட வாங்கிட்டு வாங்கடா, கடைசியா நான் பாத்துக்கிறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இங்கிலாந்தில் எந்த ஊர் டீமின் மாற்று கோல்கீப்பருக்கு முட்டி வலி என்பது இவருக்குத் தெரியும். பையன்கள் வெறுங்காலில் ஆடுவது தெரியாது. தெருவைத் தாண்டி எட்டிப் பார்த்ததில்லை.

நாலு பேரிடம் வாங்கியாகிவிட்டது, அண்ணே. நோட்டு என் கல்லாவில்தான் இருக்கிறது. வந்து எழுதிவிட்டுப் போங்கள்.