போயஸ் கார்டனில் ஒரு மியூசியம் இருந்தது

2022 ஆகஸ்டில் பிராக் நகரில் உலக அருங்காட்சியகக்காரர்கள் கூடி, மியூசியம் என்றால் என்ன என்று புதிதாக வரையறுத்தார்கள். எல்லாரும் வந்துபோக வசதியாக இருக்க வேண்டுமாம். மக்களின் பங்கேற்போடு நடக்க வேண்டுமாம். பாவம், இதற்கு இவ்வளவு தூரம் விமானம் ஏறிப் போயிருக்கிறார்கள். மக்களே நுழைய முடியாத ஒரு மியூசியத்தைச் சென்னையில் நாம் அதற்கு முன்பே திறந்து, மூடியும் முடித்துவிட்டோம்.

ஜெயலலிதா மறைந்தது 2016 டிசம்பரில். போயஸ் கார்டனில் அவர் வாழ்ந்த வேதா நிலையம் நினைவு இல்லமாகும் என்று 2017 ஆகஸ்டில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அப்புறம் வந்தது 2020 மே. ரங்கநாதன் தெருவில் ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கின்றன. கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து கொரோனா ஊர் ஊராக லாரி ஏறிப் போய்விட்டது. அந்த நேரத்தில் அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டது. எதற்கு? அந்த வீட்டையும் அதிலுள்ள மேஜை நாற்காலியையும் கையில் எடுக்க.

வீட்டை எடுத்ததற்கு இழப்பீடாக ஜூலையில் 67 கோடியே 90 லட்சம் ரூபாயைக் கோர்ட்டில் கட்டினார்கள். அதில் ஏறக்குறைய 37 கோடி, பழைய வரி பாக்கிக்கு. அடையாறில் கடன் வாங்கி ஃபிளாட் வாங்கியவன் தன் வரியையும் கட்ட வேண்டும். மறைந்த முதலமைச்சர் வைத்துவிட்டுப் போன பாக்கிக்கும் பங்கு போட வேண்டும். இந்த மொய்க்குப் பந்திச் சாப்பாடுகூடக் கிடையாது.

அரசு எடுத்த கணக்கு வெளியானது. மொத்தம் 32,721 பொருட்கள். ஏ.சி. 38. டி.வி. 11. ஃபிரிட்ஜ் 10. சமையல் பாத்திரங்கள் 6,514. துணிமணி, செருப்பு வகையறா 10,438. வெள்ளி மட்டும் 601 கிலோ. புத்தகங்களும் 8,376 இருந்தன. அவற்றை மட்டும் ஒரு நூலகத்தில் அடுக்கியிருந்தால் அந்த அம்மையாருக்கும் மரியாதை, நமக்கும் பயன். ஆனால் ஃபிரிட்ஜையும் சேர்த்துக் கையகப்படுத்தும் அரசுக்குப் புத்தகம் கண்ணில் படுமா?

தி.நகர் திருமலைப் பிள்ளை சாலைக்குப் போய்ப் பாருங்கள், அதிக தூரமில்லை. காமராஜர் வாடகைக்குக் குடியிருந்த வீடு அது. அங்கே பொருட்கணக்கு எடுக்கப் போன குமாஸ்தாவுக்கு அரை நாள் லீவு கிடைத்திருக்கும்.

2021 ஜனவரி 27இல் மெரினாவில் ஜெயலலிதாவுக்கு நினைவிடம் திறந்தார்கள். மறுநாளே போயஸ் கார்டனில் ரிப்பன். ஏப்ரல் 6இல் ஓட்டுப்பதிவு. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். விழா நடத்திக்கொள்ளலாம், பொதுமக்களை உள்ளே விடக்கூடாது என்றது உயர் நீதிமன்றம். விழா நடந்தது. பூட்டு விழுந்தது. நவம்பரில் தீர்ப்பு வந்தது: கையகப்படுத்தியதே செல்லாது. மெரினாவில் ஒன்று இருக்கும்போது இங்கே இன்னொன்று எதற்கு என்று நீதிபதி கேட்டார். நாலு வருஷமாக டீக்கடையில் நாம் கேட்டதுதான். நமக்கு டவாலி இல்லை. கட்டிய பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். போன வருஷங்களை யாரிடம் போய்க் கேட்பது?

ஆட்சி மாறியது. ரசனை மாறவில்லை. மெரினாவில் கலைஞருக்குத் தரைக்கடியில் ஒரு நவீன அருங்காட்சியகம், 2024இல் திறந்தார்கள். அது போதாதென்று கடலுக்குள் 81 கோடியில் பேனா நிறுத்தத் திட்டம் போட்டார்கள். எழுதியவர் என்பதால் பேனா, அதை மறுக்கவில்லை. கடலுக்குள் நட்டால் யார் எடுத்து எழுதுவது?

சூட்சுமம் எங்கே இருக்கிறது தெரியுமா? தமிழ்நாட்டில் அருங்காட்சியகத் துறை தனி. தலைவர்களின் நினைவிடங்களோ செய்தி மக்கள் தொடர்புத் துறையிடம். அதாவது வரலாற்றை விளம்பரத்தில் சேர்த்துவிட்டார்கள். பிறகு எங்கிருந்து வரும் உண்மை?

எழும்பூர் மியூசியம் 1851இல் பிறந்தது. எட்வர்ட் பால்ஃபர் என்ற வெள்ளைக்கார டாக்டர் பொறுப்பில் இருந்தார். ஜனங்களை வரவழைக்க அவர் நினைவு இல்லம் எழுப்பவில்லை. மியூசிய வளாகத்தில் உயிருள்ள விலங்குகளைக் கொண்டுவந்து வைத்தார். கூட்டம் திரண்டது. மியூசியம் செத்த காலேஜ், மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ் என்று மதராஸ்வாசி பேர் வைத்தான். 170 வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி அதிகாரிக்கு இருந்த புத்தி அது. இன்று ஊரூர் குப்பத்து மீனவர் வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றைப் பேர் சொல்லி அழைப்பதைப் பதிந்து வைக்க ஓர் அரசு அறை உண்டா? ஓட்டு கேட்கப் போகும்போது மட்டும் குப்பத்துக்கு வழி தெரிகிறது.

முடியாத காரியமும் இல்லை. கீழடியில் 2023இல் நல்ல அருங்காட்சியகம் திறந்தது, பேனாத் திட்டம் போட்ட அதே அரசுதான். அங்கே பானை ஓட்டுக்குக் கட்சி கிடையாது. அதனால் நன்றாக வந்திருக்கிறது.

மக்களுக்குப் பயன்படும் மியூசியம் ஒன்று வேண்டுமென்றால் சரக்கு கைவசமே இருக்கிறது. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் பறிமுதலான 27 கிலோ தங்க, வைர நகைகளை 2025 பிப்ரவரியில் பெங்களூரு கோர்ட் தமிழக அரசிடம் ஒப்படைத்தது. ஏலம் விடாதீர்கள். பனகல் பூங்கா பக்கம் ஒரு கூடம் பிடித்து, நகைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். பக்கத்துச் சுவரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் நகலை மாட்டுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். மற்றவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவோம். நிர்வாகத்தை மட்டும் மக்கள் தொடர்புத் துறையிடம் கொடுத்துவிடாதீர்கள்.