ஃபோர்க்லிஃப்ட் எடும், தம்பி

போன சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு சாமத்திய வீடு. மட்டன் ரோல்ஸை அப்போதுதான் கடித்தேன். அண்ணை ஒருவர் முன்னால் வந்து நின்றார். "என்ன தம்பி, வேலை ஏதும் சரிவந்ததோ?" வாய் நிறைய இறைச்சி, தலையைத்தான் ஆட்ட முடிந்தது. அவருக்கு அது போதும். "ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் ஒண்டு எடும்" என்றார்.

கனடாவுக்குப் புதிதாக வந்தவன் வேலை எடுப்பதற்கு உண்மையிலேயே ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முதலில் இந்த ஃபோர்க்லிஃப்ட் அலுவலை முடித்துவிடுகிறேன்.

நான் ஊரில் கணக்காளர். எனக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கும் உள்ள ஒரே தொடர்பு, முன்னொரு காலத்தில் அதன் பெறுமானத் தேய்வைக் கணக்கிட்டதுதான். இதைச் சொன்னால், "அதெல்லாம் இஞ்ச செல்லாது தம்பி" என்ற பதில் தயாராக வரும். சித்தப்பா ஃபோர்க்லிஃப்ட் என்றார். மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணர் ஃபோர்க்லிஃப்ட் என்றார். தலைமயிர் வெட்டுகிறவர், கத்தரிக்கோல் காதருகில் இருக்கிற தைரியத்தில், இரண்டு தரம் சொன்னார். இவர்களில் யாராவது அதில் ஏறி இருந்திருக்கிறார்களா என்று விசாரித்தேன். ஒருவரும் இல்லை. ஒருவர் இன்சூரன்ஸ் செய்கிறார், ஒருவர் மோர்ட்கேஜ் செய்கிறார், இன்னொருவர் வீடு விற்கிறார். வீடு விற்கிறவர் வேலையில்லாத என்னிடம் மார்க்கத்தில் மூன்று அறை வீடொன்றைப் பற்றியும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இதில் பெரிய பகிடி, ஒன்ராறியோ அரசாங்கம் ஃபோர்க்லிஃப்டுக்கு லைசென்ஸ் கொடுப்பதே இல்லை. பயிற்சி நிலையம் தருவது வெறும் பயிற்சிச் சான்றிதழ். ஓட்டுகிறவருக்கு ஒழுங்காக ஓட்டத் தெரியுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. இதை அந்த அண்ணைக்கு விளக்கினேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவையும் விசாரிச்ச நேரத்துக்கு எடுத்திருக்கலாமே" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளையைப் பல்லக்கில் வைத்து மண்டபத்துக்குள் கொண்டுவந்தார்கள். நாலு பெடியள், பட்டு வேட்டி, ஒருவனுக்கு மற்றவர்களைவிட உயரம் அரை அடி குறைவு. பல்லக்கு ஒரு பக்கம் சரிய, பிள்ளை சிரித்துக்கொண்டே கம்பியைப் பிடித்துக்கொண்டது. இத்தனை ஃபோர்க்லிஃப்ட் நிபுணர்கள் கூடியிருக்கிற மண்டபத்தில் தோளில் சுமக்க வேண்டிய அவசியம் என்ன? பலட் ஒன்றில் இருத்தி, முன்னே நாதஸ்வரம் போக, மேடைக்கு நேரே தூக்கி வைத்திருக்கலாம். பின்னால் எடுக்கும்போது பீப் பீப் என்று சத்தம் வரும், தவில்காரர் சமாளித்துக்கொள்வார். என் யோசனையைப் பக்கத்தில் இருந்த மாமியிடம் சொன்னேன். அவ எழும்பி வேறு மேசைக்குப் போய்விட்டா.

ஃபோர்க்லிஃப்ட் வேண்டாமென்றால் செக்யூரிட்டி. அதற்கு 40 மணித்தியாலப் பயிற்சி, ஒரு பரீட்சை. அதுவும் வேண்டாமென்றால் ரெசுமேயைத் திருத்தப் புறப்படுவார்கள். ஊரில் என் சுயவிவரத்தில் அப்பாவின் உத்தியோகம் வரை இருந்தது. இங்கே படத்தை எடு, பிறந்த திகதியை எடு, கலியாணம் கட்டியதை எடு என்றார்கள். எடுத்தேன். ஊர் அனுபவம் ஒருவருக்கும் விளங்காது, அதைக் குறை என்றார்கள். குறைத்தேன். கடைசியில் ஒரு மச்சான், "பட்டத்தையும் எடடா, கூடப் படிச்சவன் எண்டு பயப்பிடுவாங்கள்" என்றான். மிஞ்சியது பெயரும் ரெலிபோன் நம்பரும். பெயரும் நீளமாம்.

பகிடியை விடுவோம், எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. 2015இல் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடிவரவு முறையில் படிப்புக்குப் புள்ளி, ஆங்கிலத்துக்குப் புள்ளி, வெளிநாட்டில் வேலை செய்த வருடங்களுக்கும் புள்ளி. மொத்தம் 1200க்குக் கணக்குப் பார்த்து எங்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். விமானத்தால் இறங்கியதும் அதே படிப்பையும் அதே அனுபவத்தையும் பார்த்து, வேலை கொடுப்பவர்கள் கனேடிய அனுபவம் இருக்கிறதா என்கிறார்கள். நேற்று இறங்கியவனுக்கு அது எங்கிருந்து வரும்?

இப்படிக் கேட்பது பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இலேயே சொல்லிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அதை வேலை விளம்பரத்தில் போடக் கூடாதென்று சட்டமும் வந்துவிட்டது. விளம்பரத்தில் போடவில்லை, சரி. நேர்முகத்தில், "இங்கத்தைய சூழலுக்கு எவ்வளவு பழக்கப்பட்டிருக்கிறீர்கள்?" என்று புன்னகையோடு கேட்கிறார்கள். நேர்முகம் முடிந்தால் 45 நாளுக்குள் முடிவு எடுத்தாயிற்றா என்பதையும் அறிவிக்க வேண்டுமாம். லிஃப்டில் இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிடுகிற முடிவுக்கு 45 நாள் எதற்கு?

ஆகவே, வாசக அன்பர்களே, ஆலோசனை எனக்குப் போதும். இனி வீட்டில் வைக்க இடமில்லை. முதலில் சொன்ன அந்த வழி இதுதான்: உங்கள் கம்பனியில் கணக்குப் பகுதியில் ஒரு கதிரை காலியாக இருந்தால் மனேஜரிடம் என் பெயரைச் சொல்லுங்கள். உங்களுக்கும் யாரோ ஒருவர் சொல்லித்தானே முதல் வேலை கிடைத்தது.