வாணப்படவியல்: ஒரு திணைநிலை ஆய்வு

யானைக்கும் குதிரைக்கும் இலக்கணம் வகுத்து, பல்லி விழும் பலனுக்குக்கூட நூல் செய்த நம்மவர்கள், தீபாவளி வாணத்தைப் படம்பிடிக்கும் கலையை மட்டும் கைவிட்டுவிட்டார்கள். கேமரா பிற்காலத்தது என்று சமாதானம் சொல்வர். வந்தபின்பு யார் எழுதினார்கள் என்பதே நம் கேள்வி. இக்குறையைப் போக்க, முதல், கரு, உரி என்னும் மரபான பகுப்பிலேயே இவ்வாய்வு செல்கிறது. வெடியும் புகையும் தீக்காயமும் உள்ளமையால் இது புறத்திணையன்றோ எனின், அன்று. ஊதுபத்தியோடு முன்னால் நிற்பவர் சொந்தப் பெரியப்பா ஆதலின் இது அகமே.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், மொட்டை மாடி. தெருவில் நிற்பவன் கேமராவைக் காப்பானா, காலைக் காப்பானா? மாடியிலும் காற்று முதுகில் படும்படி நிற்க வேண்டும். அப்போதுதான் புகை நம்மை விட்டு அப்பால் போகும். எதிர்ப்பக்கம் நின்றவனுக்கு முதல் நாலைந்து வாணம் கிடைக்கும், அதன்பின் கிடைப்பதெல்லாம் புகையின் உருவப்படங்களே.

பெரும்பொழுது கூதிர், அதாவது ஐப்பசியும் கார்த்திகையும். அமாவாசையை ஒட்டி வருவதால் வானத்தில் நிலாவின் குறுக்கீடு இல்லை. அந்த லாபத்தை வடகிழக்குப் பருவமழை வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும். சிறுபொழுதைத் தொல்காப்பியர் வகுத்தார். 2018இல் அதை அரசு திருத்தியது. பட்டாசுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை எனத் தமிழக அரசு அதைப் பங்கிட்டது. ஐப்பசியில் சூரியனும் காலை ஆறு மணியளவில் வேலைக்கு வந்துவிடுவதால் அந்தப் பங்கு நமக்கு ஆகாது. ஆக, இக்கலைக்குச் சட்டம் ஒப்பிய காலம் ஆண்டுக்கு அறுபது நிமிடம். கூதிர் குறிஞ்சிக்குரிய பொழுது. குறிஞ்சிக்குரிய யாமமோ இரவு பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும், அப்போது வெடித்தால் வழக்கு வரும். இதனால் நேரும் திணை மயக்கத்தை உரியில் காண்க.

இனிக் கருப்பொருள். சரவெடி, லட்சுமி வெடி, அணுகுண்டு ஆகியவை ஓசையால் சிறந்தவை. படத்தில் அவற்றின் பங்காகக் காகிதத் துகளும் காதைப் பொத்திக்கொண்ட அத்தையுமே தேறுவதால் விலக்கப்பட்டன. பாம்பு மாத்திரையை எந்த லென்ஸில் எடுத்தாலும் பார்க்கச் சகிக்காது. எஞ்சியவை ராக்கெட், வானில் விரியும் ஷாட் வகைகள், புஸ்வாணம், தரைச்சக்கரம், கம்பி மத்தாப்பு. இவற்றுக்கெல்லாம் பொதுவான சூத்திரம் ஒன்று உண்டு. அதை இக்கட்டுரையாசிரியரே இயற்றினார்.

ஓடும் பொறிக்கு ஒளியளவு துளையே;
நீளமும் எண்ணும் நேரத்தின் பாலே.

இதன் உரை. தெருவிளக்கு நின்ற இடத்தில் நிற்கிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் அதன் ஒளி ஒரே புள்ளியில் சேர்ந்துகொண்டே போகிறது. வாணப்பொறி அப்படியன்று, சென்சாரின் எந்த இடத்திலும் தங்காமல் தொட்டுவிட்டு ஓடுகிறது. ஆகவே இரண்டு விநாடி திறந்து வைத்தாலும் எட்டு விநாடி திறந்து வைத்தாலும் பொறியிடும் கோட்டின் பிரகாசம் கூடாது. கூடுவன கோட்டின் நீளமும், ஒரே படத்தில் விழும் வாணங்களின் எண்ணிக்கையும், பக்கத்து வீட்டுச் சுவரின் வெளிச்சமும். பிரகாசத்தை ஆள்வது 'துளை', அதாவது அபெர்ச்சர். எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைக்க. புஸ்வாணம் கிட்டத்தில் நின்று கொட்டுவதால் அதற்கு எஃப் 16 வரை போகலாம். ஐஎஸ்ஓவைச் சூத்திரத்துள் கூறாதது என்னை எனின், அது 100இல் நிலைபெற்றுவிட்டமையின் கூறாராயினார் என்க.

துளையைப் பெரிதாக்கினால் வருவது நிறக்கேடு. சிவப்பு ஸ்ட்ரான்சியம், நீலம் செம்பு, மஞ்சள் சோடியம், வெள்ளை அலுமினியமும் மக்னீசியமும் என்று சிவகாசிக்காரர் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததெல்லாம், ஒளி மிகுந்தால் படத்தில் ஒரே வெள்ளையாய் வெளிறிப்போகும். பச்சைக்கு உரியது பேரியம். அதை உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. எனவே பசுமைப் பட்டாசு என்று பெயர் பெற்ற ஒன்றில் பச்சைக்குரிய உப்பு இருக்கக் கூடாது. இதற்கு உரையாசிரியர்கள் இன்னும் அமைதி கூறவில்லை.

ஃபோகஸைக் கேமராவின் பொறுப்பில் விட்டால், இருட்டில் அது முன்னும் பின்னும் அலைந்து, வாணம் அணைந்தபின் ஒரு முடிவுக்கு வரும். தூரத்துச் செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கில் ஃபோகஸ் பிடித்து, மேனுவலுக்கு மாற்றி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுக. ஃபிளாஷ் போடலாமா என்று ஒருவர் ஆண்டுதோறும் கேட்கிறார். அதன் வெளிச்சம் வானம் வரை போகாது. புகையையும் மாமாவின் முதுகையும் மட்டும் துலக்கும். ட்ரைபாட் வேண்டுமா என்பதற்கு விடை தேவையில்லை.

ராக்கெட்டில் உயிர்நிலை, ஷட்டர் திறக்கும் கணம். வெடிச் சத்தம் கேட்டதும் அமுக்கலாம் என்பார் ஏமாந்தார். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நாலு தெரு தள்ளி விரிந்த வாணத்தின் ஓசை மாடிக்கு வருமுன் பொறிகள் உதிரத் தொடங்கியிருக்கும். திரி சீறும்போதே திறந்து கடைசிப் பொறி அணைந்ததும் மூடுவதே முறை. அதற்கென்றே கேமராவில் 'பல்ப்' என்னும் நிலையும், கையால் தொட்டு ஆட்டாதிருக்க ரிமோட்டும் உள்ளன. திறந்தது திறந்தபடி இருக்க, வாணத்துக்கும் வாணத்துக்கும் இடையே லென்ஸின் முன் கறுப்பு அட்டையைப் பிடித்தால் நாலைந்து வாணங்களை ஒரே வானில் குடியேற்றலாம். அட்டை இல்லாதார் கார்த்திகை மாலைக்கு எடுத்து வைத்த கறுப்பு வேட்டியை மடித்துப் பிடித்தாலும் குற்றமில்லை.

இவ்வளவு கற்றபின்பும் படம் விழாமைக்குக் காரணம் கேமராவுக்கு வெளியே உள்ளது. பற்றவைப்போன் வேறு, படம்பிடிப்போன் வேறு; இவ்விருவரிடையே எந்த நூலும் ஒப்பந்தம் செய்து வைக்கவில்லை. "இருங்க பெரியப்பா" என்னும் சொல் மாடியிலிருந்து இறங்கி முற்றத்தை அடைவதற்குள் அவர் திரியைக் கிள்ளி ஊதுபத்தியை வைத்துவிடுகிறார். பின்பு, "எடுத்தாச்சாடா?" என்கிறார். ராக்கெட்டின் திசையையும் அவர் தீர்மானிப்பதில்லை. சாய்ந்து நிற்கும் காலி பாட்டில் தீர்மானிக்கிறது. வைட் லென்ஸைப் பரிந்துரைப்பது வானத்தின் அகலம் கருதியன்று, பாட்டிலின் சாய்வு கருதியே.

வாணத்தை உருவில் பிடிக்க முயன்று கோர்ட்டுக்குப் போன கதையும் உண்டு. லண்டன் கிரெமோர்ன் தோட்டத்து வாணவேடிக்கையை விஸ்லர் ஓவியமாக்கினார். 1877இல் விமர்சகர் ரஸ்கின் அதை இழித்து எழுத, விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார். மறு ஆண்டு வென்றார். நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவு சேர்ந்து 1879இல் திவாலானார். நம் விமர்சகர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருப்பதால் கோர்ட் வரை போக வழியில்லை.

உரிப்பொருள் இரங்கல். குறிஞ்சிப் பொழுதில் நெய்தலின் உரி வந்து புகுந்ததே முன்னர்க் கூறிய மயக்கம். இரங்கலுக்கு நிமித்தம் பல. அவற்றுள் தலையாயது, நீண்ட எக்ஸ்போஷருக்குப் பின் இரைச்சல் நீக்கும் வசதியை மெனுவில் அணைக்க மறத்தல். எட்டு விநாடி எடுத்த கேமரா, அடுத்த எட்டு விநாடி ஷட்டரை மூடி வெறும் இருட்டைப் படமெடுத்து, அதை முந்தியதிலிருந்து கழித்துக்கொண்டிருக்கும். பெரியப்பா பெட்டியிலேயே பெரிய ஷாட்டைப் பற்றவைப்பது அந்த எட்டு விநாடியில்தான்.

புறனடை: கம்பி மத்தாப்பு. ஷட்டரைப் பத்து விநாடி திறந்து வைத்து, மத்தாப்பால் காற்றில் பெயர் எழுதச் சொல்வது இன்று வீடுதோறும் உள்ள வழக்கு. 1949இல் புகைப்படக்காரர் ஜான் மிலி, பிக்காசோவின் கையில் சிறு மின்விளக்கைக் கொடுத்துச் செய்தது இதுவே. பிக்காசோ படம் வரைந்தார்; நம் வீட்டுப் பிள்ளைகள் பெயர் எழுதுவதால் இடவல மாற்றம் என்னும் சிக்கல் எழுகிறது. கேமராவைப் பார்த்து நின்று எழுதினால் எழுத்துகள் படத்தில் கண்ணாடியில் கண்டது போலத் திரும்பி விழும். நெடுங்கணக்கை ஆராய்ந்ததில் இம்மாற்றத்துக்கு அஞ்சாமல் நிற்பவை 'ப'வும் ஆய்தமுமே எனத் தெரிகிறது. பெயர் சூட்டும்போது யாரும் இதை நினைப்பதில்லை. 'ப'வை ஒரே வீச்சில் எழுதிவிடலாம். ஆய்தத்துக்கு மூன்று புள்ளி வேண்டும், எரியும் மத்தாப்பை நடுவில் அணைத்து ஏற்ற முடியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே அதை முதுகுக்குப் பின்னால் ஒளிக்க வேண்டும். புதுப் பட்டுப்பாவாடையை முன்னிட்டு அம்மாக்கள் இதற்கு இசைவதில்லை.