இணையப் பந்தயங்களில் ஆடுவோர் பிளவு

இணையக் கார் பந்தய விளையாட்டுகளில் புதுச்சரக்கு வந்திறங்கும்போதெல்லாம், ஆடுவோர் கூட்டம் பிளவுபடுகிறது என்னும் முறையீடு எழுகிறது. முறையீடு நியாயமானதே, எனினும் வந்தது காரா, தடமா என்று கேளாமலேயே எழுவது. இரண்டின் இயல்பு வேறு. ஆதலால் விளைவும் வேறு.

காரை முதலில் நோக்கலாம். 'அசெட்டோ கோர்ஸா காம்பெடிட்சியோனே'வுக்கு 2022 மார்ச்சில் வந்த சேலஞ்சர்ஸ் பேக் ஐந்து கார்களை மட்டுமே கொண்டது. அவற்றை வாங்காதவரும் அவற்றோடு ஒரே பந்தயத்தில் ஓடலாம். எதிராளியின் ஆடி ஆர்8 எல்எம்எஸ் ஜிடி3 எவோ II காரைக் காணவும், அதனால் முந்தப்படவும், முதல் வளைவிலேயே அதனிடம் இடிபடவும் தனிக்கட்டணம் கிடையாது. எனவே, கார் பிளப்பதில்லை என்பது பொதுவிதி. தனக்கெனத் தனித்தொடரோடு வரும் கார் மட்டும் விலக்கு. ஒரே வகைக் கார் ஓடும் புதுத்தொடர் பிறந்தால், தனக்கு வேண்டிய ஆட்களையும் மாலைப்பொழுதையும் அது வேறொரு தொடரிடமிருந்துதான் பெற்றாக வேண்டும்.

தடத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. தம்மிடம் இல்லாத காரோடு ஒருவர் ஓடலாம். இல்லாத தடத்தின்மீது ஓட இயலாது. அதே விளையாட்டுக்கு 2020 பிப்ரவரியில் கயலாமி, சுசுகா, லகுனா சேகா, மவுண்ட் பனோரமா ஆகிய நான்கும் ஒரே தொகுப்பாக விற்பனைக்கு வந்தன. ஒரு சர்வர் மவுண்ட் பனோரமாவை ஏற்றினால், அதை வாங்காதவருக்கு அங்கே இடமில்லை. ஆள் குறையுமென்று அஞ்சும் சர்வர்காரர், விளையாட்டோடு வரும் மோன்சாவையும் ஸ்பாவையுமே மாற்றி மாற்றி ஏற்றுகிறார். வாங்காதவர் சுசுகாவுக்குப் போக முடியவில்லை. வாங்கியவரோ அங்கே எதிராளி கிடைக்காமல் மோன்சாவுக்கே திரும்புகிறார். பிளவைத் தவிர்க்கும் இம்முயற்சி, பிளவைக் காட்டிலும் கேடானது என்றே கொள்ள வேண்டும். காசு கொடுத்தவரும் கொடாதவரும் இதில் ஒருசேர இழக்கின்றனர்.

'ஃபோர்ஸா ஹொரைசன் 4' 2018 டிசம்பரில் ஃபார்ச்சூன் ஐலண்ட் என்னும் தனித்தீவையே விற்றது. தீவுக்குப் போனவர் தீவில் இருக்கிறார். இதில் ஆராய அதிகமில்லை.

ஆராய்ச்சிக்கு மிகவும் இடந்தருவது ஐரேசிங். 2008 முதல் நடந்துவரும் இதில் சந்தாவும் கட்ட வேண்டும். பெரும்பாலான கார்களையும் தடங்களையும் தனித்தனியே விலைக்கும் வாங்க வேண்டும். சீசன் ஒன்றுக்கு 12 வாரம். தொடர்கள் வாரந்தோறும் தடம் மாறும். உடையோர், இல்லோர் என்ற இருவகைப் பகுப்பு இங்கே போதாது. எல்லாத் தடங்களும் உடையவர் ஒருவகை. சந்தாவோடு வரும் தடங்களிலேயே காலந்தள்ளுபவர் இன்னொரு வகை. அட்டவணையை முன்கூட்டியே பார்த்து வேண்டியதை மட்டும் வாங்கி, எஞ்சிய வாரங்களில் ஓய்வெடுப்பவர் மூன்றாம் வகை. தடத்தை வாங்கியிருந்தும், அதன்மேலுள்ள வெறுப்பால் அந்த வாரம் முழுவதும் தலைகாட்டாதவர் நான்காம் வகை. வராதவர் எண்ணிக்கையில் இந்நால்வகையில் யார் யார் அடங்குவர் என்பது வெளியே தெரிவதில்லை. அதனால் விருப்பமின்மையின் குற்றமும் விலையின் தலையிலேயே விழுகிறது.

இன்னொரு நுட்பமும் கருதத்தக்கது. ஐரேசிங்கில் ஒரு பந்தயத்துக்கு அளவுக்கு மீறி ஆட்கள் பதிந்தால், ஐரேட்டிங் என்னும் திறன் எண்படி அவர்களைப் பல பந்தயங்களாகப் பிரித்துவிடுகிறார்கள். இது செழிப்பின் அடையாளம். யாரும் இதைக் குறைகூறுவதில்லை. குறைந்தபட்ச எண்ணிக்கை சேராமல், பந்தயம் தரவரிசைக் கணக்கில் ஏறாமற்போவதே உண்மையான கேடு. ஐரோப்பிய மாலைநேரத்தில் கூட்டம் மிகும் ஜிடி3 தொடரில் விலைத்தடம் ஒன்று வந்தால் சில பேர் குறைவர். அங்கே அது தெரியாது. சிறுதொடரின் நள்ளிரவுப் பந்தயத்தில் அதே சில பேர் குறைந்தால் பந்தயமே இல்லை. ஆகவே, தடம் பிளப்பது மெலிந்த கூட்டத்தையே.

எல்லாவற்றையும் இலவசமாக்கினால் பிளவு தீரும் என்பாரும் உளர். 2022 மார்ச்சில் வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ 7' பிற்பாடு வந்த தடங்களை இலவசமாகவே கொடுத்தது. அங்கும் ஏ, பி, சி என மூன்று தினப்பந்தயங்கள் இருக்கின்றன. மக்கள் மூன்றாகத்தான் பிரிகின்றனர். எனினும், அப்பிரிவு அவரவர் விரும்பித் தேர்ந்தது, நாளை மாறிக்கொள்ளலாம். இவ்வேறுபாடு சிறிதன்று.

நல்ல தீர்வு பந்தய சிமுலேட்டர்களில் இல்லை. 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' விளையாட்டில் இருக்கிறது. 2022 மார்ச் முதல் 2023 நவம்பர் வரை ஆறு தவணைகளில் 48 தடங்கள் விலைக்கு வந்தன. மொத்தம் 96 ஆயின. கூட்டாட்டத்தில் வாங்கியவர் தேர்ந்தெடுத்த புதுத்தடத்தில் வாங்காதவரும் உடன் ஓடலாம். விலை, தேர்ந்தெடுக்கும் உரிமைக்கே. தடம் விற்கும் மற்ற நிறுவனங்களும் அடுத்த தொகுப்பிலிருந்தாவது இந்த ஏற்பாட்டை மேற்கொள்ள வேண்டும். சர்வர்காரர்கள் சுசுகாவை அச்சமின்றி ஏற்ற அது ஒன்றே போதும்.