வடகடல், தென்கடல்

தீவு வாழ்க்கை மனசுக்கு இதம் என்று ஜப்பானில் ஒரு நிறுவனம் சொல்ல, அதை நான் காசு கொடுத்து வாங்கினேன். பிறந்து வளர்ந்ததே பாம்பன் தீவில்தான் என்பதை அந்த நேரத்தில் வீட்டில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

‘அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ்’ என்ற அந்த வீடியோ விளையாட்டு வெளியானது 2020 மார்ச் 20 அன்று. ஐந்தாம் நாள் நாடே கதவைச் சாத்திக்கொண்டது. பாம்பனில் படகுகள் கட்டிக் கிடந்தன. சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர் எப்போதோ கொண்டுவந்து கொடுத்திருந்த நின்டெண்டோ ஸ்விட்சைத் தூசு தட்டி எடுத்து, சென்னையில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து நான் தூண்டில் போட்டேன். எங்கள் குடும்பத்தில் அந்த வாரம் கடலுக்குப் போன ஒரே ஆள் நான்தான்.

தாத்தாவுக்கு வருஷம் என்றால் இரண்டு காற்று. தென்மேற்கிலிருந்து கச்சான் வீசத் தொடங்கினால் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், முரண்டு பிடிக்கும். வள்ளத்தை வடக்கே பாக் நீரிணைப் பக்கம் கொண்டுபோய்விடுவார். ஐப்பசிக்கு மேல் வாடை இறங்கினால் வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கும், திரும்பி வந்துவிடுவார். காற்று மாறுகிற இடைப்பட்ட நாட்களிலும் காற்று மிஞ்சிய நாட்களிலும் கடலே கிடையாது. கிழிந்த வலையைத் தைப்பார். தைத்தது போதும் என்று தோன்றினால் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். ‘காத்து சரியில்ல’ என்றால் முடிந்தது. அதற்கு மேல் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, பாட்டியும் கேட்டதில்லை.

என் தீவில் காற்று எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் தொல்லை.

மொத்தம் 80 வகை மீன். கருவியின் கடிகாரமும் நாள்காட்டியும் எப்படி ஓடுகின்றனவோ அப்படித்தான் அங்கே பருவமும். சால்மனும் கிங் சால்மனும் செப்டம்பர் ஒரு மாதம் மட்டும் ஆற்று முகத்துவாரத்துக்கு வரும்; அக்டோபர் முதல் தேதி போய் நின்றால் அடுத்த வருஷம்தான். ஸ்டிரிங்ஃபிஷ் என்பது டிசம்பர் முதல் மார்ச் வரை, அதுவும் மாலை 4 மணி முதல் காலை 9 மணி வரை, அதுவும் மேட்டு உச்சியில் ஓடும் ஆற்றில் மட்டும். கோல்டன் டிரவுட்டும் அதே மேடு, அதே நேரம், மாதம்தான் வேறு. சூரை நவம்பரில் வந்து ஏப்ரலில் போகிறது, கடலுக்குள் நீட்டிய மரமேடையில் நின்றால்தான் கிடைக்கும். சுறாக்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை. பேரல்ஐ என்று கண்ணாடி மண்டை மீன் ஒன்று, வருஷம் முழுக்க உண்டு, ஆனால் இரவு 9 மணிக்குமேல் விடிகாலை 4 மணிக்குள். இதையெல்லாம் அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். மாதக் கடைசி வந்தால் எனக்கு அலுவலகக் கணக்கு முடிக்கிற பதற்றத்தைவிட, நாளையோடு எந்த மீன் போகிறது என்கிற பதற்றம்தான் கூடுதல். இளைப்பாறத்தான் வாங்கினேன்.

மீனென்று பார்த்தால் தண்ணீரில் தெரிவது நிழல்தான். மிதவையை மூக்கால் இடித்துப் பார்க்கும், விலகும், மறுபடி வரும். ஐந்தாவது தடவை கவ்வியே தீரும்; அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்க மிதந்துவிட்டு வெறும் வள்ளத்தோடு கரையேறிய மனுஷனிடம் இந்த ஐந்து கணக்கைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாரா, அடித்திருப்பாரா என்று தெரியவில்லை.

மழை சங்கதி இன்னும் விசேஷம். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் ஊரே வள்ளங்களைக் கரைக்கு இழுத்துக் கட்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைப் பார்த்த தலைமுறைக்கு அந்தக் கூண்டின் எண்ணை யாரும் விளக்க வேண்டியதில்லை. என் தீவிலோ வானம் இருட்டினால் நான் குடையை வீசிவிட்டுத் தூண்டிலோடு கடற்கரைக்கு ஓடுகிறேன். சீலகாந்த் மழையில் மட்டும்தான் வரும். ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்பே அழிந்துவிட்டதாக விஞ்ஞானிகள் கைகழுவிய மீன் அது. 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் இழுவைப் படகொன்று கொண்டுவந்த குவியலில் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் என்ற இளம் அருங்காட்சியகப் பொறுப்பாளர் அதைக் கண்டெடுத்தார், உலகமே அதிர்ந்தது. நான் முதலாவதை அருங்காட்சியக ஆந்தை பிளாதர்ஸிடம் கொடுத்தேன், இரண்டாவதை டிம்மி, டாமி என்ற இரட்டையர் கடையில் போட்டு 15,000 பெல்ஸ் வாங்கினேன், அங்கே அதுதான் காசு. அவர்கள் கண்கூட விரியவில்லை.

விலை அப்படி நிலையானது. சீ பாஸ் என்று ஒன்று பன்னிரண்டு மாதமும் இருபத்து நான்கு மணி நேரமும் மாட்டிக்கொண்டே இருக்கும், பெரிய நிழலைக் காட்டி ஆசை மூட்டுகிற மோசக்கார மீன். அதன் விலை 400. ஒன்று கொண்டுபோனாலும் 400, பையை நிரப்பிக் கொட்டினாலும் ஒவ்வொன்றுக்கும் 400. எங்கள் கரையில் எல்லா வலையிலும் மீன் ஏறிய நாளில்தான் தாத்தா முகம் சுருங்கிப் போய் வருவார். ஏலத்தில் விலை தரையைத் தொட்டிருக்கும். போதாக்குறைக்கு முன்பணம் கொடுத்த வியாபாரிக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. என் தீவிலும் கடன் உண்டு. டாம் நூக் என்ற முதலாளி வீட்டைப் பெரிதாக்கித் தருவார், முதல் தடவை 98,000, கடைசியில் 24,98,000 பெல்ஸ் வரை போகும். வட்டி கிடையாது. கெடுவும் கிடையாது. இவரைப் பேராசைக்காரர் என்று உலகம் முழுக்கக் கேலி செய்கிறார்கள். எங்கள் ஊர் வியாபாரிகளை அவர்கள் பார்த்ததில்லை.

மாமா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று கிழக்குக் கரையில் விசைப்படகுகளை நிறுத்திவிடுவார்கள். 2001இல் இது தொடங்கியபோது 45 நாள்தான், 2017 முதல் 61. வேடிக்கை என்னவென்றால், இந்த விளையாட்டின் முதல் வடிவம் ஜப்பானில் கடைக்கு வந்ததும் அதே 2001 ஏப்ரலில்தான். இங்கே தூண்டிலை எடுத்து அங்கே கொடுத்த மாதிரி.

தடைக்காலத்தில் தன் மகள் வீட்டுக்கு வந்த மாமா எங்களையும் எட்டிப் பார்த்தார். மே மாதம். நான் மரமேடையில் நின்று மாஹி மாஹிக்காகக் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தடையில கடலுக்குப் போறியே மாப்ள, டோக்கன் யாரு குடுத்தா?”

“இங்க தடையெல்லாம் இல்ல மாமா.”

“வாரத்துல எத்தன நாளு?” என்றார். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறை அவர் ரத்தத்தில் ஊறியது.

“ஏழு நாளும்.”

“அப்ப மீனு எப்படி மிச்சமிருக்கு?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. விளையாட்டைச் செய்தவர்களிடமும் இருக்காது என்று நினைக்கிறேன். போன ஜூனில் எவ்வளவு அள்ளினாலும் அடுத்த ஜூனில் அதே சுறா அதே மணிக்கு வந்து நிற்கிறது. பேச்சை மாற்ற அவரை அருங்காட்சியகத்துக்குள் கூட்டிப்போனேன். பெரிய தொட்டியில் திமிங்கலச் சுறா சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தது. பெயர்ப்பலகையில் என் பெயர். மாமா எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார்.

“இதப் புடிச்சதுக்கு கேஸ் போடலையா?”

அவர் கேட்டது நியாயம். திமிங்கலச் சுறாவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்ததும் 2001இல்தான். அவர்கள் வலையில் மாட்டினால் வலையை அறுத்தாவது விட வேண்டும். நானோ அதற்குப் பிறகு பிடித்தவற்றைத் தலைக்கு 13,000 என்று விற்றிருந்தேன். அதை மாமாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் முதல் மே வரை என் தீவில் சுறா கிடையாது என்றேன் அல்லவா? கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்து ஜூனை வரவழைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. காற்றைத் திருப்பி வைக்கிற வேலை எங்கள் குடும்பத்தில் யாரும் செய்ததில்லை. வேறு வழி இருக்கிறது. ஆட்டம் தொடங்கும்போதே தீவு வட அரைக்கோளத்திலா, தென் அரைக்கோளத்திலா என்று கேட்பார்கள், பிறகு மாற்ற முடியாது. நான் வடக்கு. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் என்னைப் பார்த்துத் தானும் வாங்கி, வீம்புக்குத் தெற்கு என்று போட்டாள். அவளுக்கு டிசம்பரில் கோடை, சுறாக்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை. ஆக, வாடை இறங்கியதும் நான் டோடோ விமானத்தில் ஏறித் தெற்கே போகிறேன். கச்சானுக்கு அவள் வடக்கே என் தீவுக்கு வருகிறாள்.

போன மார்கழியில் அங்கே விடியும்வரை நின்று சுத்தியல் தலைச் சுறாவும் வெள்ளைச் சுறாவுமாகப் பை நிறைத்தேன். கிளம்பும்போது மகள் விமான நிலைய வாசலில் வந்து நின்றுகொண்டாள். தீவு தன்னுடையதாம், கடல் தன்னுடையதாம், பாதிப் பங்கு வைத்துவிட்டுப் போக வேண்டுமாம். தூண்டில் என்னுடையது, தூக்கம் கெட்டது நான் என்று வாதாடிப் பார்த்தேன். நடக்கவில்லை. தாங்க முடியாமல் மறுநாள் மாமாவுக்குப் போன் போட்டு நியாயம் கேட்டேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாதிங்கிறது டீசல் கழிச்சா, கழிக்காமலா?” என்றார்.