ஆறு ஷில்லிங் இரும்பு

ஜார்ஜ் ரேவன்ஹில் இரண்டு முறை இரும்பில் கை வைத்தார். முதல் முறை வைத்ததற்கு பிரிட்டனின் உச்ச வீரப்பதக்கமான விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள். இரண்டாம் முறை வைத்ததற்கு அதைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

முதல் இரும்பு பீரங்கி. 1899 டிசம்பர் 15, தென்னாப்பிரிக்காவின் துகேலா ஆற்றங்கரை, கொலென்சோ. கர்னல் லாங் என்ற மேதை, காலாட்படையை முந்திக்கொண்டு 12 பிரிட்டிஷ் பீரங்கிகளை, டச்சு வழிக் குடியேறிகளான போயர்களின் துப்பாக்கிக்கு வாகாகக் கொண்டுபோய் நிறுத்தினார். பீரங்கிக்காரர்கள் வரிசையாக விழுந்தார்கள். காவலுக்குப் போன சிப்பாய் ரேவன்ஹில் மறைவிடத்தில் இருந்தார். அங்கேயே கிடந்திருந்தால் ஏனென்று கேட்க நாதியில்லை. ஆனால் குண்டு மழையில் எழுந்து ஓடினார். ஒரு தடவையல்ல, பல தடவை. தப்பி வந்த பீரங்கிகள் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்றை வண்டியில் பூட்டிய கைகளில் அவர் கையும் உண்டு.

மிச்சம் பத்தையும் போயர்கள் சாவகாசமாக ஓட்டிக்கொண்டு போனார்கள். செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் என்று பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 1,100 பேர். தளபதி புல்லரும் விக்டோரியா சிலுவைக்காரர்தான். ஜூலுப் போரில் வாங்கியது. பத்துப் பீரங்கிகளைப் பறிகொடுத்தவர் மார்பில் அது பத்திரமாகவே தொங்கியது. தொலைத்தால் தளபதி, திருடினால்தானே திருடன்!

காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்தவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள், தமிழர் கணிசம். பதக்கம் கிடைத்தது தலைவர்கள் 37 பேருக்கு. மற்றவர்களுக்குக் கொடுக்கவே இல்லை. ஆகவே பறிக்கிற சிரமமும் பேரரசுக்கு மிச்சம்.

இரண்டாவது இரும்புக்கு வருவோம். 1908, இங்கிலாந்து. ஆறு ஷில்லிங் பெறுமான இரும்பைத் திருடியதாக ரேவன்ஹில் மேல் வழக்கு. அபராதம் பத்து ஷில்லிங். கட்டப் பணமில்லை, ஒரு மாதம் சிறை. கூடவே சிலுவையும் போயிற்று, அதோடு வந்த ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு ஓய்வூதியமும் போயிற்று. பத்து ஷில்லிங் இல்லாதவனிடம் பத்துப் பவுண்டைப் பிடுங்குகிற கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ!

அதற்குச் சட்டம் இருந்தது. 1856ஆம் ஆண்டு அரசாணையின் 15ஆம் பிரிவு. தேசத்துரோகம், கோழைத்தனம், பெருங்குற்றம், இழிசெயல் எதைச் செய்தாலும் வீரர் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடலாம் என்றது. 1861 முதல் 1908 வரை இப்படி அடிபட்டவர்கள் எட்டுப் பேர். துரோகத்துக்காக ஒருவர்கூட இல்லை. கோழைத்தனத்துக்காகவும் இல்லை. ஒருவர் பசுமாடு திருடினார். இன்னொருவர் குதிரைக்குப் போடும் ஓட்ஸும் வைக்கோலும் திருடினார். ஒருவர் முதல் மனைவி இருக்க இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். எட்டில் அதிகாரி ஒரே ஒருவர். அந்தப் போரில் போயர்களின் தங்கச் சுரங்கத்தைத் தரையோடு சேர்த்து வளைத்துப்போட்ட கனவான்கள் எந்தப் பிரிவிலும் சிக்கவில்லை. அவர்கள் திருடவில்லை, நாகரிகம் பரப்பினார்கள்.

1920 ஜூலை 26 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு மனம் இளகியது. கொலைக்காகத் தூக்கில் போடுவதானாலும் விக்டோரியா சிலுவையை அணிந்தபடியே ஒருவன் மேடை ஏறலாம் என்று செயலாளரை விட்டு எழுதச் சொன்னார். (ஆறு நாள் கழித்து, அதே போயர் போருக்கு வாங்கிய பதக்கத்தையும் சேர்த்து, வேண்டாம் என்று வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார் காந்தி. பதக்கத்தின் பெறுமானம் அவருக்குத் தெரிந்திருந்தது.) கொலைகாரனுக்கு உண்டு என்றாகிவிட்டது. ஆறு ஷில்லிங் இரும்புக்காரரைத் தேடிப்போய்க் கையில் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

மறு வருடம் ரேவன்ஹில் செத்துப்போனார். வயது 49. அவருடைய சிலுவை கிளாஸ்கோவில், ரெஜிமென்டின் அருங்காட்சியகத்தில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. திருட்டுப் பயம் பாருங்கள்.