35 கிலோ உண்மை

பலெர்மோவில் பல்லாரோ சந்தையைத் தாண்டினால், அல்பெர்கெரியா தெருக்களில் பழைய சாமான்களைத் தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். கால் ஒடிந்த கதிரைக்கும் ஒற்றைச் சப்பாத்துக்கும் நடுவில், சில நல்ல நாட்களில், வெள்ளி முகத்தோடு ஒரு ஸ்டீரியோ ரிசீவர் கிடக்கும். அங்கே நான் குந்திவிடுவேன்.

"ஃபுன்சியோனா!" என்பார் கடைக்காரர், வேலை செய்கிறதாம். நம்பலாம். கரண்ட் இல்லாத தெருவில் எல்லாமே வேலை செய்யும்.

ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். மரான்ஸ் கம்பெனிப் பெட்டி என்றால், ரேடியோ நிலையம் பிடிக்கும் சக்கரம் படுத்தபடி இருக்கும். பெருவிரலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கையை எடுத்தால், முள் தானாக ஓட வேண்டும். மேல்மூடியின் துளைகளில் மூக்கை வைத்துக் கருகல் வாசம் பிடிக்க வேண்டும். பின்னால் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் அது அமெரிக்காவுக்குச் செய்தது. இங்கே நேரே செருகினால் வாசம் தானாகவே வரும். மாடல் எண்ணையும் படிக்கத் தெரிய வேண்டும்: மரான்ஸ் 2230 என்றால் சேனலுக்கு 30 வாட், 2270 என்றால் 70. சம்பளத்தை நெற்றியில் எழுதிக்கொண்டு திரியும் சாதி.

வீட்டுக்குக் கொண்டு வந்தால் மனைவியின் வழக்கமான கேள்வி. "இஞ்சருங்கோ, ஃபோனிலையே பாட்டு வருது. இந்த இரும்புப் பெட்டி என்னத்துக்கு?"

விளக்கினேன். ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஸ்டீரியோ கம்பெனிகள் வாட் கணக்கை வாய்க்கு வந்தபடி அடித்துவிட்டன. 1974இல் அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் பிடித்துக்கொண்டது. மூன்றில் ஒரு பங்கு சக்தியில் ஒரு மணி நேரம் ஓடவிடு. பெட்டி நன்றாகச் சூடேறட்டும். அதன்பிறகு இரண்டு சேனலையும் சேர்த்து ஓட்டி அளந்து, அந்தக் கணக்கை எழுது. மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இவ்வளவு சோதனை கிடையாது.

பொய் சொல்ல வழியில்லாமல் போனதும், பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் வெப்பம் போக்கும் அலுமினியமுமாகப் பெட்டிகள் கனத்துக்கொண்டே போயின. 1976இல் பயனியர் எஸ்.எக்ஸ். 1250, சேனலுக்கு 160 வாட். 1978இல் எஸ்.எக்ஸ். 1980, சேனலுக்கு 270 வாட். எடை சுமார் 35 கிலோ. பொய்யை ஒற்றைக் கையால் தூக்கலாம். உண்மைக்கு மச்சான் வேண்டும். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்பதால், என் மச்சான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனை எடுப்பதில்லை.

"உள்ளுக்குள்ள ரேடியோவும் இருக்கு," என்று தொடர்ந்தேன். அதற்கும் இந்த ஊர்ப்பக்கம் ஒரு கதை உண்டு. வானொலி அரசின் ஏகபோகமாக இருந்த 1970இல், பக்கத்துப் பர்த்தினிகோவில் தனிலோ தொல்சி என்பவர் நிலநடுக்கத்தால் வீடிழந்தவர்களுக்காகத் தனி வானொலி தொடங்கினார். 27 மணி நேரத்தில் போலீஸ் வந்து மூடிவிட்டது. 1976இல் அரசியல் சாசன நீதிமன்றம் உள்ளூர்த் தனியார் வானொலிக்கு வழிவிட்டதும், எஃப்.எம். முள் நகரும் இடமெல்லாம் யாராவது பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

"விளங்கிச்சு," என்றாள் மனைவி. "மூண்டில ஒரு பங்கு சத்தத்தில ஒரு மணித்தியாலம் ஓடினாப் பிறகுதானே உண்மையான வாட் தெரியும் எண்டனீங்கள்? நானும் இவ்வளவு நேரமா அப்பிடித்தான் கதைச்சுக்கொண்டு நிக்கிறன். இனித்தான் அளக்கப் போறீங்கள்."